கூப்பிடாமல் போகாத வீடு

பின்னேரம் நான்கு மணிக்கு மேல், வெயில் வாவிக்கு அந்தப் பக்கமாகச் சாயும்போது, கல்லடியில் கரையோரமாக உள்ள வீடுகளின் முகடுகளில் தண்ணீர் நெளியும். உண்மையில் அது தண்ணீர் அல்ல. வாவியில் பட்டுத் தெறிக்கிற வெளிச்சம் யன்னலால் நுழைந்து உள்முகட்டில் ஆடுகிறது. ஆள் இல்லாத வீட்டில், நிலத்தில் காலை நீட்டி இருந்துகொண்டு அதைப் பார்க்கிற பேறு கல்லடியில் ஒருத்திக்குத்தான் வாய்த்திருக்கிறது. அவள் பெயர் பிரஷாந்தி.

ஊரில் அவளைத் திறப்புக்காரி என்பார்கள்; திறப்பு என்றால் சாவி. கனடாவிலும் லண்டனிலும் சுவிஸிலும் இருக்கிறவர்களின் பதினொரு வீட்டுத் திறப்புகள் அவளுடைய பையில் கிடக்கின்றன. ஆள் இல்லாத வீடுகளைக் கிழமையில் இரண்டு தரம் திறந்து காற்றாட விடுவாள். வாடகைக்குப் போன வீடுகளில் மாதம் ஒருமுறை கதவைத் தட்டி, உள்ளே போய், ஒவ்வோர் அறையிலும் வாசலில் நின்று இடமிருந்து வலமாகப் பார்ப்பாள். எந்தத் திறப்பு எந்த வீட்டுக்கு என்று அவள் எழுதி ஒட்டவில்லை. அந்தந்த வீட்டுக்காரியின் பழைய சேலையில் விரலகலத்துக்கு ஒரு துண்டு கிழித்துத் திறப்பில் கட்டியிருக்கிறாள். பைக்குள் கைவிட்டால் விரலுக்கே தெரியும், இது பட்டு, இது வோயில், இது நூல்சேலை என்று.

அவளுடைய ஊர் கிரான். அண்ணன் உதயரூபன் எட்டாம் வகுப்போடு வட்டைக்குள் வயல்வேலைக்கு இறங்கியவர். இவள் பதினோராம் வகுப்பு, சாதாரண தரம் வரை படித்தாள். பிறகு பாசிக்குடாவில் ஓர் உல்லாச விடுதியில் ஏழு வருடம் அறை துப்புரவு செய்தாள். வாசலில் நின்று இடமிருந்து வலமாகப் பார்க்கிற பழக்கம் அங்கே வந்தது. தெரிந்த குடும்பமொன்று கனடாவுக்குப் போகும்போது, “இடைக்கிடை ஒருக்காத் திறந்து பார் புள்ள” என்று சும்மா ஒரு திறப்பைக் கொடுத்துவிட்டுப் போனது. அடுத்த கிழமையே அந்த வீட்டின் இருபத்து மூன்று குறைகளைக் கொப்பியில் எழுதிப் படமெடுத்து அனுப்பிவிட்டாள். இறுகின யன்னல் எது, எந்தக் கதவின் அடியில் கறையான் மண் இருக்கிறது, மாமரத்தின் எந்தக் கொப்பு ஓட்டில் உரசுகிறது, எல்லாம். கனடாக்காரருக்குத் தன் வீட்டைப் பற்றி அவ்வளவு தெரிந்திருக்கவில்லை. அவர் மூலமாக இரண்டாவது வீடு வந்தது, அதன் மூலமாக மூன்றாவது.

“ஊராக்கள்ட வீடெல்லாம் திறக்கிறாய். உன்ட மாமியார்ர வீட்டத் திறக்கிறது எப்ப?” என்று அண்ணன் பகிடி பண்ணுவார்.

“பன்னிரண்டாவது திறப்பு அதுதான் எண்டு வச்சிரிக்கன், பொறுங்க” என்பாள்.

பன்னிரண்டாவதாக வந்தது தெய்வமணியின் வீடு.

இந்தப் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மகள் கலியாணம் முடிக்கும்போது தாய் தகப்பன் இருந்த வீட்டை மகளுக்கு எழுதிக்கொடுத்துவிட்டு, அதே வளவில் பின்னால் சின்னதாக ஒன்றைக் கட்டிக்கொண்டு ஒதுங்குவார்கள். தெய்வமணியும் அப்படித்தான் செய்தா. ஒரே மகள் உசாந்திக்கு முன்வீட்டைக் கொடுத்து, தெற்குப் பக்கத்தில் புது அறையொன்றும் இறக்கிக் கொடுத்துவிட்டு, கணவர் கனகசூரியத்தோடு பின்வீட்டுக்குப் போனா. உசாந்தி இரண்டு வருடம் அந்த வீட்டில் இருந்தாள். பிறகு கணவனோடு சுவிஸுக்குப் போய்விட்டாள். அதன் பின் கனகசூரியமும் காலமாகிவிட்டார். முன்வீட்டில் இப்போது நான்கு வருடமாக வாடகைக்கு இருப்பவள் விதுர்ஷா. வெல்லாவெளிப் பிள்ளை, பட்டணத்தில் தாதி. கணவன் மதுஷன் கட்டாரில். மூன்று வயதில் ஒரு பெண்குழந்தை.

உசாந்தி ஆடி மாதம் பிரஷாந்தியோடு தொலைபேசியில் கதைத்தாள்.

“அம்மாட்டக் கேட்டா எல்லாம் நல்லா இரிக்கு எண்டுதான் சொல்றா. ஆனா என்ட சிநேகிதி ரோட்டால போகக்குள்ள எடுத்த படத்தப் பாத்தன். கூரையில மரம் முளைச்சிரிக்கு. எனக்கு இஞ்ச இருந்து பாக்க ஏலா. ஒண்டில் நீங்க பொறுப்பெடுங்க. இல்லாட்டி வித்திரப்போறன். வாங்கிறத்துக்கு ஆள் இரிக்கு. ஆவணி முடியிறத்துக்குள்ள பதில் கேக்கிறாங்க.”

“வித்தா அம்மா?”

“ஒரே காணி உறுதிதான், ரெண்டு வீடும். அம்மாவ இஞ்ச எடுக்கப் பாக்கன்.”

தெய்வமணிக்கு அறுபத்தைந்து வயது. கல்லடிப் பாலத்துக்கு அங்கால் போனாலே பின்னேரத்துக்கிடையில் வீட்டுக்கு வந்துவிட வேண்டும் அவவுக்கு. பனி பெய்கிற ஊரில் நான்காம் மாடியில் அவவை வைத்துப் பார்க்க பிரஷாந்தியால் முடியவில்லை.

ஆடிக் கச்சான் வீசிக்கொண்டிருந்த ஒரு முற்பகல் அவள் அந்த வளவுக்குப் போனாள். தெய்வமணி பின்வீட்டு வாசலில் இருந்து முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தா. வந்த விஷயத்தைச் சொன்னதும் இலையை உருவுகிற வேகம் கூடியது.

“நான் குத்துக்கல்லு மாதிரி இஞ்ச இரிக்கன். நான் இரிக்கக்குள்ள என்ட வளவப் பாக்கிறத்துக்கு ஒரு ஆளா? ஆக்களில்லாத சனம்தான் கா கூலிக்கு ஆள் வச்சு வீடு பாக்கும்.”

“சரி மாமி. நீங்களே பாக்கிறீங்க எண்டா நான் உசாந்தியக்காட்ட அப்பிடியே சொல்றன். கடைசியா உள்ளுக்குப் போய்ப் பாத்தது எப்ப?”

“உள்ளுக்கோ? நான் என்னத்துக்குப் போற? அது குடுத்த வீடு. குடுத்த வீட்டுக்குள்ள கூப்பிடாமப் போகப்படாது.”

“மகள் சுவிஸில. இப்ப ஆரு கூப்பிட?”

“இரிக்கிறவள் கூப்பிடணும்.”

“விதுர்ஷா கூப்பிடல்லயா?”

“தங்கமான புள்ள அவள். பொங்கல், தீபாவளி எண்டா வாசலுக்குக் கொண்டுவந்து தந்திட்டுப் போவாள். வாடகையும் ஒண்டாந் திகதி தவறாது. ஒரு குறையும் சொன்னதில்ல. குறையிருந்தாத்தானே கூப்பிடுவாள்.”

பிரஷாந்தி முன்பக்கம் போய்க் கதவைத் தட்டினாள். விதுர்ஷா இரவு வேலை முடிந்து வந்து நித்திரை கலைந்த முகத்தோடு திறந்தாள். உசாந்தி அனுப்பிய ஆள் என்றதும் முகம் வெளிறியது. இருந்தாலும் உள்ளே விட்டாள். வீடு கழுவித் துடைத்துப் பளிச்சென்று இருந்தது. தெற்கறையின் வாசலில் நின்று பிரஷாந்தி இடமிருந்து வலமாகப் பார்த்தாள். கட்டில், தொட்டில், மூலையில் பெரிய அலுமாரி. அலுமாரி யன்னலில் பாதியை மறைத்துக்கொண்டு நின்றது. காற்று வருகிற யன்னலை யாரும் அலுமாரியால் மறைப்பதில்லை.

“எல்லாம் சரியா தங்கச்சி? ஒழுக்கு ஏதும்?”

“ஒண்டுமில்லக்கா. நல்ல வீடு.” விதுர்ஷா இதை மிகவும் விரைவாகச் சொன்னாள். பிறகு தயங்கி, “ஒண்டு கேக்கவா? மாமிக்கு எங்களப் பிடிக்கல்லயா? நாலு வருசமா ஒருநாளும் உள்ளுக்கு வந்ததில்ல” என்றாள்.

பிரஷாந்திக்குச் சிரிப்பும் வந்தது, கவலையும் வந்தது. அலுமாரியை நகர்த்தச் சொல்லியிருக்கலாம். கேட்கவில்லை. முதல்நாள் போன வீட்டில் ஒருவருடைய அலுமாரியை நகர்த்துவது அவளுடைய வழக்கத்தில் இல்லை. அதோடு மாரி முடிந்து ஆறு மாதம் ஆகிவிட்டது. கச்சான் காற்றில் வளவே காய்ந்து மொறுமொறுத்துப் போயிருந்தது. இந்த நாளில் எந்தச் சுவரும் எதையும் சொல்லாது.

திரும்பி வந்தபோது தெய்வமணி தேநீர் ஊற்றி வைத்திருந்தா. கோபம் தேநீரைத் தடுக்கவில்லை. இரண்டு பேரும் முன்வீட்டின் தெற்குச் சுவரைப் பார்த்தபடி இருந்தார்கள். அந்தச் சுவருக்கும் பின்வீட்டு யன்னலுக்கும் இடையில் ஏழெட்டு அடிதான் இருக்கும்.

“ராவையில நல்லா நித்திரை வருமா மாமி?” என்று பிரஷாந்தி பேச்சுக்குக் கேட்டாள்.

“நித்திரை வரும். கனவும் வரும்.” தெய்வமணி கோப்பையை இரண்டு கைகளாலும் பொத்திப் பிடித்துக்கொண்டா. “வருசா வருசம் ஒரே கனவு. முன்வீட்டுக்குள்ள வாவி ஏறி நிக்கும். கலங்கல் தண்ணியில்ல, கண்ணாடி மாதிரி. கட்டிலுக்குக் கீழ திரளி மீன் கூட்டமாப் போகும். இவர் முழங்காலளவு தண்ணியில நிண்டு, சாரத்த மடிச்சுக் கட்டிக்கொண்டு, பானையெல்லாம் ஒண்டொண்டா எடுத்து அடுக்குவார். நான் வாசற்படியில நிப்பன். ‘வா’ எண்டு ஒரு சொல்லு அவர் சொல்ல மாட்டார். நானும் போக மாட்டன். விடியுமட்டும் பாத்துக்கொண்டு நிப்பன்.”

வேறு யாராக இருந்தாலும் பெருமூச்சு விட்டிருப்பார்கள். பிரஷாந்தி கொப்பியை எடுத்தாள்.

“எந்த மாதத்தில மாமி வாற கனவு?”

“என்ன கேள்வி கா இது? கார்த்திகை, மார்கழி… தை பிறந்தா நிண்டுரும்.”

“தண்ணி வீடு முழுக்க ஒரே மட்டமா நிக்கிறதா, இல்லாட்டி எங்கயாவது கூடவா?”

தெய்வமணி அவளை ஒரு மாதிரிப் பார்த்தா. ஆனாலும் கண்ணை மூடி யோசித்தா. “தெற்கறையிலதான் கூட. பானையெல்லாம் அங்கதான் அடுக்குவார்.”

“பானை அடுக்கக்குள்ள சத்தம் கேக்குமா?”

“கேக்கும். டங்… டங்… எண்டு. மெதுவா. அதுதான் கா அந்தக் கனவில வடிவே.”

பிரஷாந்தி கொப்பியில் எழுதினாள்: தெற்கறை. கார்த்திகை முதல் தை வரை. விடியப்புறம். பாத்திரச் சத்தம்.

இரண்டு நாள் கழித்து அண்ணனைக் கிரானிலிருந்து வரச்சொன்னாள். அவர் ஏணியையும் நீளமான ரப்பர்க் குழாயையும் மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார். கூலி வேலை செய்தால் நாலு பேருக்குச் சொல்லலாம், இது என்ன வேலை என்று ஆட்களிடம் சொல்வது என்று முணுமுணுத்துக்கொண்டே கூரையில் ஏறினார்.

“என்ன கா செய்யப்போறாய்?” என்றா தெய்வமணி.

“மழை பெய்யப்போகுது மாமி.”

பழைய கூரையும் புதிய அறையின் கூரையும் சேருமிடத்தில் மழைத்தண்ணீர் வடிகிற ஒரு பீலி ஓடியது. அதற்குள்தான் உசாந்தி படத்தில் கண்ட அந்த ஆலங்கன்று நின்றது. உதயரூபன் குழாயைப் பிடித்துத் தெற்கறைக் கூரையில் தண்ணீர் அடித்தார். உச்சி வெயில். ஊரெல்லாம் கச்சான் புழுதி கிளப்பிக்கொண்டிருக்க, அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் மழை பெய்தது. ஓடுகளில் தண்ணீர் ஓடி, இறவாணத்தால் வெள்ளிக்கம்பிகளாக இறங்கி, மணலில் குழி போட்டது. மண் மணம் எழும்பியது. குருவிகள் எங்கிருந்தோ வந்து சிறகை நனைத்தன. விதுர்ஷாவின் மகள் முற்றத்துக்கு ஓடிவந்து, வெயிலில் ஒரு காலும் மழையில் ஒரு காலுமாக நின்று சிரித்தது. தெய்வமணி முருங்கை மரத்தடியில் நின்று வாய் திறந்து பார்த்துக்கொண்டிருந்தா. விழித்திருக்கிறோமா என்றொரு சந்தேகம் அவவின் முகத்தில் இருந்தது.

பத்து நிமிடம் இருக்கும். உள்ளேயிருந்து அந்தச் சத்தம் வந்தது.

டங்.

பிறகு இன்னொன்று.

தெய்வமணியின் கை மரத்தைப் பிடித்தது. “அவர்…” என்றா.

நித்திரையில் இருந்த விதுர்ஷா மழைச்சத்தம் கேட்டு எழும்பியிருந்தாள். எந்த மாதம், என்ன வெயில் என்று யோசிக்க அவளுக்கு நேரமில்லை. நான்கு மாரியும் செய்து பழகின கைகள் தாமாகவே கட்டிலுக்குக் கீழிருந்து அலுமினியச் சட்டியை இழுத்து அலுமாரியின் மேல், ஒழுக்குக்குக் கீழே வைத்துவிட்டன. சத்தம் கேட்காமல் இருக்க ஒரு துணியை மடித்து அதற்குள் போடுவதற்காகத் திரும்பியபோதுதான், திறந்த யன்னலுக்கு வெளியே வெயிலையும், வெயிலில் நிற்கிற பிரஷாந்தியையும் கண்டாள்.

கையில் துணியோடு அப்படியே நின்றாள்.

“துணி போட்டுத்தான் வைக்கிறன்க்கா” என்றாள் மெல்ல. “விடியிறத்துக்கிடையில அது ஊறிரும். மறுகா சத்தம் வந்திரும். மாமிக்குக் கேக்கும் எண்டு தெரியாது.”

பிரஷாந்தி உள்ளே போனாள். இரண்டு பேரும் சேர்ந்து அலுமாரியை நகர்த்தினார்கள். பின்னால் சுவர் முகட்டிலிருந்து நிலம் வரை கறுத்து, சுண்ணாம்பு கொப்புளித்து நின்றது. பிரஷாந்தி விரலால் அழுத்தினாள். உள்ளே போன விரலைச் சுற்றி ஈரமணல் உதிர்ந்தது. மேலே கூரையைத் தாங்குகிற ஒரு கைமரத்தின் நுனி உக்கிப்போயிருந்தது.

தெய்வமணி முன்வாசல் வரை வந்துவிட்டா. படியில் நின்றா. அங்கிருந்து பார்த்தால் தெற்கறையின் கதவும் கறுத்த சுவரின் ஒரு துண்டும் தெரியும்.

“நாலு வருசமா?” என்றா. “கைப்பிள்ளையையும் வச்சுக்கொண்டு இந்த ஈரத்துக்குள்ள கிடந்தியா? ஏழெட்டடியில நான் கிடந்தன். ஒரு சொல்லு சொல்ல ஏலாதா உனக்கு?”

விதுர்ஷாவின் கண் நிறைந்தது. “என்னெண்டு மாமி சொல்ற? மகளுக்கு எண்டு ஆசையாக் கட்டின வீடு. தந்த வீட்டைத் தாயிட்டயே குறை சொல்றதா? எங்கட அம்மாவால எனக்கு ஒரு வீடு தர ஏலாமப் போச்சு. எனக்குக் கீழ ரெண்டு தங்கச்சி. இத நான்… என்ட வீடு மாதிரித்தான் நினைச்சிட்டன்.”

தெய்வமணி சேலைத்தலைப்பை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக நின்றா. கூரையில் உதயரூபன் குழாயை நிறுத்திவிட்டார். ஓட்டிலிருந்து மிச்சத் தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

பிரஷாந்தி விதுர்ஷாவின் காதோடு சொன்னாள்: “கூப்பிடுங்க தங்கச்சி. கூப்பிடாம அவ வரமாட்டா.”

விதுர்ஷா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “உள்ளுக்கு வாங்கம்மா” என்றாள்.

தெய்வமணி வலது காலை எடுத்து உள்ளே வைத்தா. கூடத்தைக் கடந்து, தெற்கறைக்குள் போய், அந்தச் சுவரில் உள்ளங்கையை வைத்தா. காய்ச்சல்காரரின் நெற்றியில் வைப்பது போல நெடுநேரம் வைத்திருந்தா.

அன்று பின்னேரம் உசாந்தி அழைத்தாள். தொலைபேசியைத் தாயே வாங்கிக்கொண்டா. “குறை இரிக்கு மகள்” என்று தொடங்கினா. அவவின் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தது அதுதான் முதல்தடவை. பிறகு எல்லாவற்றையும் சொன்னா. கடைசியாகச் சொன்னது: “இந்தத் திறப்புக்காரிப் புள்ளயே பாக்கட்டும். நான் தாய். எனக்கு இந்த வீட்டில கேக்கக் கூச்சம். விதுர்ஷா வாடகைக்கு இரிக்கிறவள், அவளுக்குச் சொல்லக் கூச்சம். கூச்சமில்லாமத் தட்டிக் கேக்கிறத்துக்குப் புறத்தி ஆளொருத்தி வேணும். இது அவள்ட தொழில்.”

இருபது கிழமை யோசித்துப் பேசினாலும் பிரஷாந்தியால் தன் வேலையை இவ்வளவு சரியாகச் சொல்லியிருக்க முடியாது. அவள் அதைக் கொப்பியில் எழுதி வைத்துக்கொண்டாள்.

வாங்க இருந்தவர்களுக்கு உசாந்தி அந்தக் கிழமையே இல்லை என்றாள். ஆவணியும் புரட்டாதியும் வேலை நடந்தது. ஆலங்கன்றை வேரோடு எடுத்தார்கள். பீலியைக் கழற்றி அகலமானது போட்டார்கள். உக்கின கைமரத்தை மாற்றினார்கள். சுவரை உரித்து, ஒரு மாதம் காய விட்டு, பிறகுதான் பூசினார்கள். காய விடாமல் பூசலாம் என்று மேசன் சொன்னபோது பிரஷாந்தி சம்மதிக்கவில்லை. அந்த ஒரு மாதமும் விதுர்ஷாவும் குழந்தையும் பின்வீட்டில், தெய்வமணியின் பாயில் படுத்தார்கள். வேலை முடிந்த அன்று தெய்வமணி முன்வீட்டுத் திறப்பின் இரண்டாவது பிரதியைக் கொண்டுவந்து கொடுத்தா. அதில் நீல நூல்சேலைத் துண்டு ஏற்கெனவே கட்டியிருந்தது. அதைப் பற்றி யார் அவவுக்குச் சொன்னது என்று பிரஷாந்தி அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் ஏணியைக் கட்டுவதில் மும்முரமாக இருந்தார்.

ஐப்பசியில் முதல் மழை ஓர் இரவு முழுக்கப் பெய்தது. மறுநாள் பின்னேரம் பிரஷாந்தி அந்த வீட்டுக்குப் போனாள். விதுர்ஷா வேலைக்குப் போயிருந்தாள். குழந்தையைப் பார்க்கும்படி தெய்வமணியைக் கூப்பிட்டுவிட்டுப் போயிருந்தாள். இப்போதெல்லாம் அவள் ஏதாவது ஒன்றுக்குக் கூப்பிட்டுக்கொண்டேதான் இருக்கிறாள். அலுமாரி வேறு சுவருக்குப் போய்விட்டதால் யன்னல் முழுதாகத் திறந்திருந்தது. தெற்கறையில் குழந்தை நித்திரை. பக்கத்தில் பாயில் மல்லாந்து படுத்திருந்த தெய்வமணிக்கு மேலே, முகட்டில் வாவி வெளிச்சம் நெளிந்துகொண்டிருந்தது.

பிரஷாந்தி வாசலில் நின்று இடமிருந்து வலமாகப் பார்த்தாள். சுவரைத் தொட்டாள். காய்ந்திருந்தது.

“கனவு வந்திச்சா மாமி?”

“வந்திச்சி.”

“தண்ணி?”

“தெற்கறையில பொட்டுத் தண்ணி இல்ல. நான் உள்ளுக்குத்தான் நிண்டன். இவர் கட்டிலில இருந்து கால ஆட்டிக்கொண்டு இருந்தார். ஆனா குசினிப் பக்கத்தால ஒரு சின்னத் திரளி நீந்தி வந்திச்சி கா. ஒண்டே ஒண்டு.”

பிரஷாந்தி கீழே அமர்ந்து கொப்பியை விரித்தாள்.

“அடுப்படியாலயா வந்த, யன்னலடியாலயா?”

தெய்வமணி கண்ணை மூடி யோசித்தா. வெளிச்சம் அவவின் முகத்திலும் ஒருதரம் நெளிந்து போனது.

“யன்னலடியால” என்றா.

பிரஷாந்தி அதை எழுதிவிட்டு, ஏணியோடு வரச்சொல்லி அண்ணனுக்கு அழைப்பெடுத்தாள்.